கெபியில் தேங்காய் உடைத்தவள்

நான் வேலை பார்க்கும் கல்லூரி பினாங்கு மலைச் சரிவில் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். உண்மையில் அங்கே நல்ல பயிற்சி பெற்றவை குரங்குகள்தாம். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், ஸ்டேப்ளரைக்கூட விட்டுவைக்காது. மாணவர் சேர்க்கைப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதியே ஜன்னலைப் பற்றியதுதான்.

இரண்டாவதாகச் சொன்னவர் கேண்டீன் அக்கா. "பன்னெண்டு மணிக்குக் கெபிக்கு வந்துரு தங்கச்சி, எல்லாரும் வருவாங்க" என்றார். நான் செபராங் ஜெயாவில் வளர்ந்த இந்துப் பிள்ளை. என் காதில் விழுந்தது கோப்பி. பரவாயில்லையே, முதல் நாளே கோப்பிக்குக் கூப்பிடுகிறார்களே என்று பூரித்து, சரியாகப் பன்னிரண்டுக்குப் போய்க் கேண்டீனில் உட்கார்ந்தேன். ஈ காக்கை இல்லை. அரை மணி நேரம் கழித்து அக்கா கையில் செபமாலையோடு மேலே இருந்து படியிறங்கி வந்தார்.

"ஏன் வரல?"

"வந்து அரை மணி நேரம் ஆச்சே. கோப்பிதான் வரல."

அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மலை அதிர்ந்தது. அக்காவின் குரல் அப்படி. கேண்டீனில் "ரெண்டு தோசை!" என்று சொன்னால் நூலகத்தில் புத்தகம் மூடும். அன்றே என்னைக் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போய் கெபியைக் காட்டினார்.

சரிவைக் குடைந்து, பாறையும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சின்னக் குகை அது. உள்ளே முழங்கால் உயரப் பீடத்தில் மாதா கைகுவித்து நிற்பாள். இடுப்பில் நீலக் கச்சை, பாதத்துக்கு ஒன்றாக இரண்டு தங்க நிற ரோஜா. அதைத்தான் கத்தோலிக்கத் தமிழர்கள் கெபி என்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் ஜார்ஜ் டவுனின் கூரைகளும் கடலும் பாலமும், பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரும் மங்கலாகத் தெரியும்.

கெபி கத்தோலிக்கர்களுடையது என்பது சிஸ்டரின் கட்சி. அவர்தான் கல்லூரித் தலைவர். ஆனால் நடப்பு வேறு. கல்லூரி வேன் ஓட்டும் சீன அங்கிள் மாதத்துக்கு இரண்டு முறை ஊதுபத்தி கொளுத்தி ஆரஞ்சுப் பழம் வைப்பார். ஆய்வுக்கூட உதவியாளர் வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைச் சரம் போடுவார்; அவர் பட்டை போட்ட சைவர். சிஸ்டர் ஊதுபத்தியைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், கடைசியில் மணல் நிரப்பிய டப்பா ஒன்றை அவரே வாங்கி வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிச் செபமாலைக்கு முன்னால் நின்று சொல்வது அக்காதான். பாட்டும் அவர்தான். மற்றவர்கள் வாயசைத்தால் போதும்.

இனி என் கார் லைசன்ஸ் கதை. டெஸ்டில் 'புக்கிட்' என்று ஒன்று உண்டு. சரிவில் ஏறி, கோட்டுக்குள் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். நான் மூன்று முறை உருண்டேன். மூன்றாவது முறை, பின்னால் நின்றிருந்த அதிகாரி பைலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தினம் காலையில் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து, மலையேறி, மழையில் நனைந்து, மனுஷி படும் பாடு அந்தச் சிமெண்ட் மேட்டுக்குத் தெரியுமா?

நான்காவது டெஸ்டுக்கு முன் கெபியில் போய் நின்றேன். "மாதாவே, நீ எத்தனையோ வருஷமா இந்தச் சரிவுல நிக்கிற. ஒரு அங்குலம் பின்னால போனதில்ல. அந்த வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு. பாஸானா ஒரு தேங்கா" என்றேன். பாஸாகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பூராவும் கல்லூரியில் ஒருவரை விடாமல் லைசன்ஸைக் காட்டினேன்.

மெழுகுவர்த்தி என்று வேண்டியிருக்கலாம். மல்லிகை என்றாவது சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், வாயில் வந்தது தேங்காய். நேர்ந்தது நேர்ந்ததுதான், சாமியிடம் பேச்சை மாற்றுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. புதன்கிழமை காலை ஏழரைக்கு, யாரும் வருமுன், பாசாரில் வாங்கிய நல்ல தேங்காயோடு கெபிக்குப் போனேன். பீடத்தை ஒட்டி ஒரு பாறை. அதில் அடித்தால் சிதறும் என்று கணக்குப் போட்டு, கண்ணை மூடி, ஓங்கி அடித்தேன்.

தைப்பூசத்துக்குத் தெருவில் மலைமலையாய்த் தேங்காய் உடைக்கும் ஊரில் பிறந்தவள் நான். ஆனால் தெருவில் பாசி கிடையாது. தேங்காய் பாறையில் வழுக்கி, திரும்பி, மாதாவின் இடது பாதத்தில் போய் 'டிக்' என்று முட்டி, படியில் விழுந்து, படிப்படியாகத் தாவி, சரிவில் உருண்டு, மறைந்தே போனது. உடையவில்லை. உடைந்தது ரோஜா. தங்க நிற மேல்பூச்சும் உள்ளே வெள்ளைச் சாந்துமாக என் காலடியில் கிடந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், பெருமைக்குரிய எதையும் செய்யவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். ரோஜாவை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். மாதாவிடம் "ஸாரி" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

மத்தியானம் செபமாலைக்குப் போன ஒரு மாணவி கண்டுபிடித்துவிட்டாள். "மாதா கால்ல ஒரு ரோசாவக் காணோம்!" ஒரு மணிக்குள் கல்லூரி முழுக்கப் பேச்சு. குரங்கு என்றார்கள் சிலர். சாந்து ரோஜா குரங்குக்கு எதற்கு என்று அவர்களே மடக்கிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி, "மாதா யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்காங்க. இது புதுமை" என்றாள். எனக்குப் புதுமை என்றால் தீபாவளிக்கு எடுக்கும் துணி. இவர்களுக்குப் புதுமை என்றால் அற்புதம். மூன்று மணிக்குள் அது புதுமை என்று முடிவாகிவிட்டது. சிஸ்டர் மட்டும், "அவசரப்பட்டு வாயை விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியா! எந்தக் கால்ல?" என்று கேட்டு, ஆளாளுக்குச் சொல்லும் கதையை வாய் பிளந்து கேட்டேன். அந்த இரண்டு நாளும் எனக்கு நல்ல பொழுது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைதான் சிரிப்பு நின்றது. கேண்டீனில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் அக்கா ஓர் அட்டையைக் குத்தி வைத்திருப்பார். பெரிய ஆஸ்பத்திரியின் அட்டை. அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. எலுமிச்சை அளவில் இருந்தது, வளர்ந்துகொண்டே வந்தது. எடுத்தே ஆக வேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் என்ன கட்டி என்று சொல்ல முடியும், விட்டுவைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, வரும் வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் நாள் கொடுத்திருந்தார். அந்த அட்டையைக் காணவில்லை.

"அட்டை எங்கக்கா?"

"எதுக்கு இனிமே? மாதா ரோசா கொடுத்துட்டாங்க" என்றார் அக்கா, கட்டியைத் தொட்டுக்கொண்டே. "நவநாள் சொல்லி ஒன்பதாம் நாளு அது. எனக்குத்தான். போன் பண்ணி வரலன்னு சொல்லிடப்போறேன்."

அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் சிங்கப்பூரில், அவனிடம் கட்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை. தட்டிக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. என் கைப்பையில் கிடந்த சாந்துத் துண்டு ஒரு மனுஷியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். அதைவிடக் கெட்டிக்காரத்தனம். ரோஜாவைப் பழையபடி ஒட்டிவிட்டால் புதுமை கலைந்துவிடும், அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவார், நானும் தப்பிப்பேன் என்று என் மூளை சொன்னது. திங்கட்கிழமை விடிந்ததும் சூப்பர் குளுவோடு கெபிக்குப் போனேன். ஒரு குரங்கு கைவேலை பார்க்க வந்தது போல் எதிரில் உட்கார்ந்துகொண்டது. ரோஜாவில் பசையைத் தடவி வைத்து அழுத்தினேன். கையை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. ஆட்காட்டி விரல் மாதாவின் பாதத்தோடு ஒட்டிக்கொண்டது. கோயில் கோயிலாகச் சுற்றியிருக்கிறேன். எந்தச் சாமியோடும் அவ்வளவு நெருக்கம் வாய்த்ததில்லை. கொஞ்சம் தோலை அங்கேயே காணிக்கையாக விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இழுத்த இழுப்பில் ரோஜா கோணிக்கொண்டுவிட்டது. முன்னால் பார்க்க வேண்டியது இடப்பக்கம் திரும்பி நின்றது. இடப்பக்கம், சரிவுக்குக் கீழே என்ன இருக்கிறது? கேண்டீன்.

மத்தியானம் இரண்டாவது புதுமை. "ரோசா திரும்பி வந்துருச்சு! கேண்டீனப் பாத்துக்கிட்டு நிக்குது!" ஆளாளுக்கு அக்காவைக் கட்டிப் பிடித்தார்கள். ஒரு மாணவி அழுதாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு எதிரிலேயே ஒரு குரங்கு உட்கார்ந்து பார்த்தும் புத்தி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கேண்டீன் காலியாக இருந்தது. அக்கா சம்பலுக்காக நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டுவேன். சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். புக்கிட், வேண்டுதல், பாறை, ரோஜா, பசை. விரலையும் காட்டினேன். அக்கா நிமிரவே இல்லை. ஒவ்வொரு நெத்திலியாகத் தலை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தேங்கா எப்படி ஒடைஞ்சுச்சு?"

கழுத்தில் சிலுவை போட்ட மனுஷி கேட்கிற கேள்வியா இது! ஆனால் தமிழச்சி வேறென்ன கேட்பாள்? சரிபாதியாக உடைந்தால் நல்லது, அழுகியிருந்தால் கெட்டது, உடையவே இல்லை என்றால் அதைவிடக் கெட்டது. உண்மையைச் சொல்ல வந்தவள் நான். உடையவில்லை என்று சொன்னால் இவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

"சரிபாதிக்கா. கத்தி வச்சு வெட்டின மாதிரி."

அக்கா நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "பொய்யி! அந்தத் தேங்கா முழுசா உருண்டு வந்து பின்னால லோங்காங்ல, சாக்கடைத் தண்ணியில கெடந்துச்சு. நான்தான் எடுத்துக் கழுவி ஒடைச்சேன். அன்னைக்குச் சட்னி நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கித் தின்னியே, அது என்னான்னு நெனச்ச?"

"அப்போ, அன்னைக்கே தெரியுமா?"

"கெபி பக்கத்துலேர்ந்து தேங்கா தானா உருண்டு வருமா லா? மொத நாளு லைசன்ஸத் தூக்கிக்கிட்டு காலேஜ் பூரா கத்திக்கிட்டுத் திரிஞ்சது யாரு?"

"அப்புறம் ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னு..."

சிரிப்பு அடங்கியது. அக்கா மறுபடி ஒரு நெத்திலியை எடுத்தார். கிள்ளவில்லை.

"பயந்தான்" என்றார். "அந்த எடத்துல கத்தி வச்சா சில பேருக்குக் கொரலு போயிடுமாம். டாக்டரே சொன்னாரு. எனக்கு வேற என்னாடி இருக்கு? சத்தம் போட்டுத்தானே பொழைக்கிறேன், சத்தம் போட்டுத்தானே செபம் சொல்றேன். எல்லாரும் புதுமை புதுமைன்னாங்க. பொய்யின்னு தெரிஞ்சும் கேக்க நல்லா இருந்துச்சு. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

அந்தக் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா, கட்டிமேலா தெரியவில்லை. "கொரலு போனா சைகையில திட்டுங்க. ஆளே போயிட்டா யாரு வந்து திட்டுறது?" என்று கத்திவிட்டேன். கேண்டீனில் அக்காவைத் தவிர வேறொருவர் கத்தியதும் அன்றுதான். "வியாழக்கிழமை நான் லீவு போடுறேன். நானே கூட்டிக்கிட்டுப் போறேன். வர்றீங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெத்திலிக் கையால் துடைத்ததில் இன்னும் எரிந்திருக்கும்.

"எதுல? நீ ஓட்டுற கெரேத்தாவுலயா?"

"ஆமா."

"அப்போ மாதா தொணை வேணுந்தான்" என்றார். எழுந்துபோய் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். போன் எதுவும் பண்ணியிருக்கவில்லை.

சிஸ்டரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. சொன்னேன். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சிரிப்பை மறைக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 'கெபியில் தேங்காய் உடைக்கக் கூடாது' என்று மூன்று மொழியில் தட்டச்சு செய்து ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். சீனத்தில் ஏன் இல்லை என்று வேன் அங்கிள் கேட்டார்.

வியாழக்கிழமை காலை அண்ணனின் பழைய காரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக அவர் செபமாலை சொன்னார்; முச்சந்தி வந்தால் மட்டும் சத்தமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்தார்கள். சிலுவைச் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கட்டிலைத் தள்ளத் தொடங்கிய பிறகும் என் கையை விடவில்லை.

"போகச் சொன்னது நீதான்" என்றார். "ஏதாச்சும் ஆச்சு, உன்னத்தான் புடிப்பேன்."

கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணி நேரம் நடையில் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. முருகனிடம் கேட்டேன், மாதாவிடம் கேட்டேன், பாதியில் இரண்டு பேரையும் கலந்து ஏதோ உளறினேன். அப்போதுதான் கெபியில் நிற்பவளின் பாடு எனக்கு உறைத்தது. தினம் பன்னிரண்டு மணிக்கு இத்தனை பேர் வந்து, நீதான் என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாரத்தைக் காலடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு லைசன்ஸுக்காகப் போட்டேன். அவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு கைகுவித்து நிற்கிறாள். என்னை நம்பியது ஒரே ஒருத்திதான். அதற்கே நான் அக்காவின் சிலுவைச் சங்கிலியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று மலாயில் சொன்னார். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். தீங்கில்லாத கட்டி என்று அந்த முடிவு பிற்பாடு வந்தது. ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்தது வேறு. "குரல்?" என்று கேட்டேன். விழித்துப் பேசிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பேசினீங்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் முயற்சி செய்யவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம். நர்ஸ் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு கரண்டி ஊட்டினேன்.

அக்காவின் முகம் மாறியது. வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. தொண்டையைக் கனைத்து மறுபடி திறந்தார்.

"உப்பே இல்ல" என்றார். கரகரவென்று, தகரத்தில் தேய்த்த மாதிரி. ஆனால் குரல்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னாத்த?"

"இப்ப சொன்னீங்களே, அத."

பைத்தியத்தைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து, "இந்தக் கஞ்சியில உப்பு இல்லடி!" என்றார். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி விழித்துக்கொண்டார். நான் கரண்டியைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.